நாக்கில் ஒட்டிய பீங்கான் முட்டை

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பீங்கான் முட்டை வைத்திருக்கிறேன். கோழி முட்டையில் பாதி அளவு, பழுப்பு நிறம், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு துளைகள். மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பியின் நடுவில் இதைவிடப் பெரியதாக ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "ரோமாபுரிலேர்ந்து வந்ததா?" என்று பயபக்தியோடு கேட்டிருக்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் வரும் சந்தேகம். ரோமாபுரியும் இல்லை, வேளாங்கண்ணியும் இல்லை. இது பரீட்சையில் தோற்ற முட்டை. முகப்பேரில் ஒரு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நல்லதென்று நம்பி வாங்கி வந்து, என் அண்ணி அதை நாக்கால் தொட்டுப் பார்த்து, வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த முட்டை. செயலாளர் கோபத்தில் அதை மாடிப்படியில் வீசிவிட்டுப் போனார். நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். நல்ல சண்டை ஒன்றின் நினைவாக ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து, அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. அண்ணிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் குரல்களை இணைத்துக் கொடுக்கும் வேலை. சாவுச் சேதி, கல்யாணச் சேதி, கடன்காரன் மிரட்டல் எல்லாம் அவர் காது வழியாகத்தான் போகும். அவர் பேசுவதெல்லாம் "லைன்ல இருங்க", "பேசுங்க", "டைம் முடிஞ்சுது" என்ற மூன்றுதான். "எல்லாரையும் பேச வைக்கிறேன், நான் ஒரு வார்த்த பேசுனா மெமோ குடுக்கறாங்க" என்பார். அதனால்தானோ என்னவோ, கல்யாணத்துக்கு முன்பே பரீட்சை எழுதி, மோர்ஸ் தந்திக் குறி தட்டிக் காட்டி, தனிநபர் வானொலி நிலையம் நடத்த அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி வைத்திருந்தார். ஹாம் ரேடியோ என்று சொல்வார்களே, அது. வரதட்சணையாக எதுவும் கொண்டுவராத அண்ணி, வானொலியில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் அழைப்புக் குறியைப் பச்சை எழுத்தில் அச்சிட்ட ஒரு அட்டையைக் கொண்டுவந்து ஹாலில் மாட்டினார். எங்கள் அம்மா அதைத் திருமண ஆசீர்வாதப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு பல மாதம் அதன்முன் சிலுவை போட்டிருக்கிறார்.

நிலையம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு சிறிய மேசை, அதன்மேல் நண்பர் ஒருவர் கட்டிக் கொடுத்த தகரப் பெட்டி, ஒரு மைக். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாடு முழுக்க இருந்த இந்தக் கிறுக்கர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஒவ்வொருவராகத் தன் குறியைச் சொல்ல, மற்றவர்கள் அவர் குரல் எப்படி வந்து சேருகிறது என்று எண்ணில் சொல்வார்கள். ஐந்து ஒன்பது என்றால் கண்ணாடி போலக் கேட்கிறது என்று பொருள். முதலில் ஆன்டெனாவை என் அண்ணன்தான் போட்டுக் கொடுத்தார். டிவிக்குப் போடும் தட்டை ஒயர், கொடிக் கம்பி, முனையில் மின்சாரம் கசியாமல் தடுக்கும் இன்சுலேட்டருக்கு என் பழைய பிளாஸ்டிக் சீப்பை வெட்டிய துண்டுகள். வெயில் இருந்தவரை எப்படியோ ஓடியது. ஐப்பசி மழை பிடித்தது. ஒரு ஞாயிறு அண்ணி தன் குறியைச் சொன்னார். மதுரைக்காரர் ஒருவர், "அஞ்சு ஒம்போது மேடம், அருமையா கேக்குது" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், "யார் பேசறீங்கன்னு மட்டும் திருப்பிச் சொல்லுங்க" என்றார். கூட்டத்தில் அது வழக்கம். யாரையும் புண்படுத்தக் கூடாதென்று எல்லோருக்கும் ஐந்து ஒன்பது வாரி வழங்குவார்கள். அண்ணி மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, "மரியாதையெல்லாம் வேணாம், உண்மையச் சொல்லுங்க" என்றார். சற்று நேரம் இரைச்சல். பிறகு அந்த மனிதர், "ஒண்ணுமே கேக்கல மேடம். யாரோ லேடீஸ்னு மட்டும் தெரியுது" என்றார்.

அன்றே முடிவு செய்துவிட்டார். பேசுவது பெட்டி அல்ல, ஆன்டெனாதான். பெட்டி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, மேலே ஏறுவது முதல்தரமாக இருக்க வேண்டும். வீட்டில் டிவி வாங்கவென்று சேர்த்து வைத்திருந்த பணம் அதற்குப் போகும் என்றார். அண்ணன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் குடியிருப்பில் டிவி இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். ஞாயிறு மாலைப் படத்துக்கு அண்ணன் தினுசு தினுசான காரணங்களோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். "அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க?" என்று கேட்டுப் பார்த்தார். "அவங்க நெனைக்கறத நாம கேக்கப்போறதில்ல. நான் பேசறது மதுரைக்குக் கேக்கணும்" என்றார் அண்ணி.

ரேடியோ, டிவி சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு மூவருமாகப் போனோம். கடைக்காரர் அண்ணனைப் பார்த்தே பேசினார். "சார், டிவிக்குத்தானே? எல்லாரும் இதான் வாங்கறாங்க சார்." அண்ணி கேபிளின் நுனியை வாங்கி, பிளேடால் மேல்தோலைச் சீவி, உள்ளே பின்னியிருந்த செம்பு வலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வலை வழியே தெருவே தெரிந்தது. "இது கொசுவலைக்குக்கூட ஆவாது, வேற எடுங்க" என்றார். இப்படியே கடை கடையாகச் சீவினோம். வலை நெருக்கமாகப் பின்னிய கேபிள் ஒன்று கடைசியில் கிடைத்தது. கம்பிக்கு இழுத்தால் நீளாத கெட்டிச் செம்பு. பிறகு சீப்புத் துண்டுக்குப் பதிலாகப் பீங்கான் முட்டை. தட்டு நிறைய இருந்ததில் ஒவ்வொன்றாக எடுத்து, துளையின் ஓரத்தை நாக்கால் தொட்டார். கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, இன்னா பண்றீங்க?" அண்ணி நிதானமாக விளக்கினார்: மேல்பூச்சு சரியாக ஏறிய பீங்கான் நாக்கில் வழுக்கும். பூச்சு இல்லாத இடம் ஈரத்தை உறிஞ்சும், நாக்கைக் கவ்விப் பிடிக்கும். நாக்கின் ஈரத்தைக் குடிப்பது மழையையும் குடிக்கும். குடித்தால் குரல் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். அண்ணன் எங்களுக்குச் சம்பந்தமில்லாதவர் போலத் தெருவில் போய் நின்றுகொண்டார். ஒட்டாதவையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வீடு வந்தோம்.

மொட்டைமாடி நடுவில் இரும்புக் குழாய், அதன் உச்சியிலிருந்து இருபக்கமும் இறங்கும் செம்புக் கம்பி, முனைகளில் முட்டை, அதன்பின் கைப்பிடிச் சுவரோடு கட்டிய கயிறு. ஏற்றிய மறு ஞாயிறு மதுரைக்காரர், "மேடம், பக்கத்து ரூம்லேர்ந்து பேசறாப்ல இருக்கு" என்றார். அண்ணி சிரித்த சிரிப்பை அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஆனால் அவர் யாரிடமும் நல்ல பெயர் வாங்க முயன்றவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரைத்தளத்தில் ஒரு அக்கா இருந்தார். தொழிற்பேட்டை கேன்டீனில் சமையல் வேலை. அவர் அந்தக் கயிற்றில் ஈரப் புடவையைக் காயப்போட, அண்ணி எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "இதுல எதுவும் போடக் கூடாது" என்றார். "கயித்துக்கு வந்த வாழ்வப் பாரேன்" என்று அக்கா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் குடியிருப்பின் டிவிகளில் கோடு விழ ஆரம்பித்தது. கதாநாயகி அழும்போது முகத்தின் குறுக்கே கோடு, சண்டையில் கோடு, பாட்டில் கோடும் இரைச்சலும். குற்றவாளி யாரென்று யாரும் யோசிக்கவே இல்லை. மாடியில் கம்பி போட்டவள், அதுவும் பெண், அதுவும் வீட்டில் டிவி இல்லாதவள்! "தன்னூட்ல இல்லன்ற வயித்தெரிச்சல்" என்று படிக்கட்டில் என் காதுபடவே பேசினார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவர் சங்கச் செயலாளர். அவர் வீட்டில்தான் கோடு அதிகம். அவர் கெட்டவர் அல்ல. தண்ணீர் லாரிக்கு நாயாக அலைந்து எங்களுக்கெல்லாம் தண்ணீர் வாங்கிக் கொடுத்த மனிதர். ஆனால் தனக்குத் தெரிந்ததுதான் உலகம் என்று நம்புகிறவர். அண்ணனிடம் வந்து, "சார், ஒங்க மிஸஸ்கிட்ட சொல்லி அத எறக்கிடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி, "மிஸஸ் இங்கதான் நிக்கறேன். நான் வாரத்துக்கு ஒருவாட்டி, காலைல பேசறேன். ஒங்களுக்கு சாயங்காலம் கோடு விழுது. எறக்க மாட்டேன்" என்றார். செயலாளர் விருட்டென்று படியிறங்கிப் போனார். பதில் இல்லாதவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்.

ஒரு ஞாயிறு, அண்ணிக்குப் பகல் டியூட்டி. நானும் அண்ணனும் ஆவடியில் உறவினர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தோம். மூவரும் நான்கு மணி வாக்கில் திரும்பியபோது வாசலில் செம்புக் கம்பி சுருளாகக் கிடந்தது. அறுத்து, அழகாகச் சுற்றி, சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தார் செயலாளர். அந்த மரியாதையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு பக்கத்து முட்டை கீழே சிமென்ட் தரையில் விழுந்து தூளாகியிருந்தது. அண்ணன், "விடும்மா, நான் இப்பவே மேல போய்க் கட்டிடறேன்" என்றார். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "யாரும் தொடாதீங்க. இன்னிக்கிப் படம் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

படம் ஆரம்பித்தது. குடியிருப்பே வெற்றிக் களிப்போடு டிவிமுன் உட்கார்ந்திருந்தது. டைட்டில் முடிவதற்குள் ஒரு வீட்டிலிருந்து "ஐயையோ" என்று குரல் வந்தது. பிறகு இன்னொரு வீடு. கோடு! கம்பி எங்கள் வாசலில் சணல் கட்டோடு கிடக்கிறது, டிவியில் கோடு ஓடுகிறது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மாடிப்படி வழியே எட்டிப் பார்த்தவர்கள் சுருளையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் டீயைக் குடித்து முடித்தார். உள்ளே போய், கட்டையில் அலுமினியக் குழாய்கள் பொருத்திய ஒரு கை ஆன்டெனாவையும் சின்ன ரிசீவரையும் எடுத்துவந்தார். ஹாம்காரர்களிடம் நரி வேட்டை என்று ஒரு விளையாட்டு உண்டு. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் புதரில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை ஒளித்துவைத்துவிட்டு, சத்தம் எந்தத் திசையில் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து அதைத் தேடிப் பிடிப்பார்கள். அண்ணி அதில் ஆண்களையெல்லாம் ஓட வைத்தவர்.

கையை மெதுவாகச் சுழற்றியபடி நடந்தார். ரிசீவர் கரகரத்தது. கீழே திரும்பினால் குறைந்தது, மேலே திரும்பினால் கூடியது. மொட்டைமாடிக்கு ஏறினார். பின்னால் ஊரே ஏறியது, செயலாளர் உட்பட. மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. எங்கள் மொட்டைக் குழாயைத் தாண்டி, அதைவிட உயரமான இன்னொரு குழாயின் அடியில் போய் நின்றார். அங்கே ரிசீவர் அலறியது. அது செயலாளருடையது. இலங்கை டிவி பார்ப்பதற்காக அவர் உயர ஏற்றிய ஆன்டெனா, அதன் கழுத்தில் ஒரு பூஸ்டர். பூஸ்டரில் ஒயர் இணையும் இடத்தில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. மழையில் ஊறித் தொங்கியது. தொலைவிலிருந்து வரும் அலையைப் பெரிதாக்கித் தர வேண்டிய அந்தப் பெட்டி, தண்ணீர் குடித்துவிட்டுத் தானே கத்திக்கொண்டிருந்தது. எந்நேரமும் அதைப் போட்டே வைத்திருப்பார். அண்ணி அதை நோக்கி ஆன்டெனாவை நீட்டிய கையோடு நின்றார். சொன்னவர் கேன்டீன் அக்காதான்.

"இன்னா சாரு, உங்கூட்டு டப்பாதான் கத்திகினு கீது! அந்தம்மா கம்பிய அறுத்துப் போட்டியே!"

"அதெப்படி… என் வீட்லயே கோடு விழுதே…" என்றார் செயலாளர். அக்கா அதற்குள் படியிறங்கி ஓடி, அவர் வீட்டு பூஸ்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ரிசீவர் சட்டென்று அடங்கியது. கீழே எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள், "வந்துச்சு! வந்துச்சு!" என்று கத்தினார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். எல்லோரும் படம் பார்க்க ஓடிய பிறகு, அண்ணி கம்பிச் சுருளை எடுத்துப்போய்ச் செயலாளர் வாசலில் வைத்தார். "நீங்க அறுத்தது. நீங்களே கட்டுங்க. ஒடஞ்ச சாமான அதே தரத்துல வாங்கிக் கட்டணும்." செயலாளர் மன்னிப்புக்குத் தயாராக இருந்தார், மாடி ஏறத் தயாராக இல்லை. "ஆள் அனுப்பறேம்மா." "ஆள் அறுக்கல சார், நீங்க அறுத்தீங்க." அவர் கதவைச் சாத்திக்கொண்டார். சுருள் அங்கேயே கிடந்தது.

வாரங்கள் போயின. அண்ணன் ராத்திரி சாப்பாட்டில் தினமும் கெஞ்சினார். "நாமளே கட்டிட்டா முடிஞ்சுது. யாரு கட்னா என்ன?" நானும் ஒருநாள், "வீம்புக்கு நீங்கதான அண்ணி வாயக் கட்டிக்கிறீங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஜன்னலில் ஒரு துண்டு ஒயரைத் தொங்கவிட்டுக் கூட்டத்தைக் கேட்பார். கேட்க அது போதும்; பேசப் போதாது. பெயர் கூப்பிடும்போது அவர் குறியும் வரும். "மேடம், இருக்கீங்களா? மெட்ராஸ் மேடம்?" என்று மதுரைக்காரர் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போவார். அண்ணி மைக்கைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாரம் முழுக்க மற்றவர் பேச்சைச் சுமந்த பெண்ணுக்கு ஒரு நாள் காலையில் கிடைத்த சொந்தப் பேச்சு அது. அதையும் ஒருவர் சணல் போட்டுக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். "நாமளே கட்டினா, நாளைக்கு யார் வேணாலும் அறுக்கலாம்னு ஆயிடும். அறுத்தவங்க கட்டினா இன்னொருத்தன் கை வைக்க யோசிப்பான்" என்றார் அண்ணி.

செயலாளரை அசைத்தது நாங்கள் அல்ல, தண்ணீர் வரிசை. கேன்டீன் அக்கா தினம் காலையில் குடத்தை வைத்துவிட்டு ஆரம்பிப்பார். "கம்பி கட்டியாச்சா சாரு? எப்போ ஏறப் போற?" புடவையைத் திருப்பிக் கொடுத்த கோபம் அவருக்குப் போகவில்லை, அது வேறு, இது வேறு என்ற தெளிவு இருந்தது. ஒருநாள் செயலாளர் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு முட்டையும் கொஞ்சம் கம்பியும் வாங்கிவந்து எங்கள் கதவைத் தட்டினார். அண்ணி கம்பியை வளைத்துப் பார்த்துத் தலையசைத்தார். முட்டையை எடுத்து நாக்கில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. மெல்லப் பிய்த்தெடுத்து அவர் கையில் வைத்தார்.

"இது மழை குடிக்கும் சார். வேற வாங்கிட்டு வாங்க."

"ஒரு முட்டைக்காகத் திரும்பவும் பஸ் ஏறணுமா?"

"ஒங்க பூஸ்டர் குடிச்சது போதாதா?"

அப்போது வீசியெறிந்ததுதான் என் மேசையில் இருக்கும் முட்டை. ஆனால் மனிதர் திரும்பவும் பஸ் ஏறினார், அதைச் சொல்லியாக வேண்டும். கடையில் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஊரார் முன்னால் ஒவ்வொன்றாக நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தாராம். கடைப் பையன்கள் சிரித்தார்களாம். வழுக்கிய முட்டையோடு வந்தார். மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் ஏறினார். முதல் முடிச்சு தளர்ந்திருந்ததென்று அண்ணி அவிழ்க்கச் சொன்னார். இரண்டாவது முடிச்சு சரியாக இருந்தது. அந்த ஞாயிறு மெட்ராஸ் மேடம் பேசினார். தன் பூஸ்டரின் பிளாஸ்திரியை என்ன செய்வதென்று செயலாளர் கேட்டதற்கு, தன்னிடம் மீந்த நல்ல கேபிளை அண்ணி அவருக்கு வெட்டிக் கொடுத்தார்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது நான் கரையான்சாவடியில் இருக்கிறேன். அண்ணி ரிடையராகி அதே மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார். அண்ணன் டிவி, மகன் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி, பார்த்துக்கொண்டு தூங்குகிறார். ஒரு குழாய்க்கு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்த அதே சங்கம், மொட்டைமாடியில் செல்போன் கோபுரம் வைக்க வாடகைக்கு இடம் விட்டிருக்கிறது. போன மாதம் கோபுரத்தைப் பெரிதாக்க வேண்டுமாம், அண்ணியின் கம்பி குறுக்கே இருக்கிறதாம். சங்கத்தின் புதுச் செயலாளர், நன்றாகப் படித்த இளைஞர், கூட்டம் போட்டார். அண்ணி என்னையும் வரச்சொன்னார். "கோபுரம் இந்தாண்ட நகராதா?" என்று கேட்டார். நகராது என்றார்கள். "அப்போ நானும் நகர மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இளைஞர் சிரித்த முகத்தோடு, "ஆன்ட்டி, நாங்களே பத்திரமா எறக்கிக் குடுத்துடறோம்" என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பழைய செயலாளர் இருந்தார். எண்பதைத் தாண்டிய கிழம், காது சரியாகக் கேட்காது. அவருக்குக் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"தம்பி, அதுல கைய வைக்காத. எறக்குனா நீதான் ஏத்தணும். ரிச்சி தெருவுல போய் நாக்க நீட்டணும். நான் நீட்டியாச்சு."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணிக்கும் எனக்கும் விளங்கியது. இளைஞர் எங்கள் முகங்களைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், பிறகு கோபுரத்தை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று கம்பெனிக்காரரிடம் கேட்கப் போனார். அடுத்த வாரமே நகர்த்தினார்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மேசையிலிருந்த முட்டையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் ஒட்டுகிறது. அண்ணியின் மொட்டைமாடியில் இருப்பது ஒட்டாது. ஞாயிறு காலையில் அண்ணி போன் செய்து, அதை வானொலிப் பெட்டிப் பக்கம் வைத்துக் கூட்டத்தைக் கேட்கச் சொன்னார். மதுரையிலிருந்து இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள், சின்னக் குரல். "அஞ்சு ஒம்போது மேடம், அருமையா கேக்குது" என்றது அந்தக் குரல்.

"மரியாதையெல்லாம் வேணாம்" என்றார் அண்ணி. "உண்மையச் சொல்லுங்க."

"உண்மையாத்தான் மேடம்."